சந்தனம் வைத்த ஐந்தாவது சிடி

எங்கள் மருத்துவமனையின் பழைய கதிர்வீச்சு இயந்திரத்தைப் போன மாதம் கழற்றி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்குப் புதியது வருகிறது. அதையொட்டி ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். "மேடம், இருபத்திரண்டு வருஷம் அந்த மிஷினோட கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டவங்க நீங்க. இனிமையா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று துறையில் இப்போது வேலை பார்க்கும் ஒருவர் போனில் கேட்டார். பேச்சுவாக்கில், "இப்பல்லாம் பேக்கப் தானா ஆயிரும் மேடம். காலையில வந்து பாத்தா ஸ்கிரீன்ல பச்சையா ஒரு டிக் இருக்கும், அம்புட்டுதான்" என்றார்.

"அந்த பேக்கப்பை என்னைக்காவது திருப்பி ஏத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அதான் பச்சையா இருக்கே மேடம்."

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு இனிமையாக எழுத எனக்கு வரவில்லை. எழுதியதை மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு. நான் நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள். அந்த இயந்திரம் நின்றுபோன ஒரு வாரத்தின் பக்கங்களை முன்னால் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதில் உள்ள நேரங்கள் சரியானவை.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் மானிட்டர் பழுதுபார்த்தேன். முப்பது வயதில் மதுரையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் புற்றுநோய் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பராமரிப்புக்குச் சேர்ந்தேன். ஐம்பத்திரண்டில் விருப்ப ஓய்வு பெற்றேன். என்னைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

நோயாளிகள் அந்த இயந்திரத்தைக் 'கரண்டு வைக்கிற மிஷின்' என்பார்கள். பத்து பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத அந்தப் பெரிய உருவத்தை இயக்கியது, மேசைக்கு அடியில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் ஹார்ட் டிஸ்க்கில் அந்த இயந்திரத்துக்கே உரிய அளவுகள் எல்லாம் இருந்தன. எங்கள் இயற்பியலாளர் மாதக்கணக்கில் அளந்து அளந்து பதிந்தவை அவை. அந்த டிஸ்க் போனால் இயந்திரம் வெறும் இரும்பு. அதே மாதிரி கம்ப்யூட்டர் கடையில் கிடைக்காது; செய்த கம்பெனியே அந்த வகையை நிறுத்திவிட்டது.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஐந்து சிடிக்களில் பதிந்து வைப்போம். முதல் சிடியைப் போட்டுக் கம்ப்யூட்டரை இயக்கினால், உள்ளே இருப்பது வெற்று டிஸ்க்காக இருந்தாலும் அது எழுந்துவிடும். பிறகு இரண்டாவதைப் போடு, மூன்றாவதைப் போடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, வெற்று டிஸ்க்கைப் பழைய டிஸ்க்கைப் போலவே ஆக்கிவிடும். ஐந்தில் ஒன்று பழுதானாலும் மற்ற நான்கும் குப்பை. இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை புரியும்.

எங்கள் பிரிவின் பொறியாளர் தங்கவேலு. எனக்கு அவரைப் பிடிக்காது. குரலை உயர்த்தமாட்டார், உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை நின்றுகொண்டே இருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டாலும் உட்காரமாட்டார். பத்து நாற்பது என்று இருக்கவேண்டியதைப் பத்தே முக்கால் என்று எழுதியதற்காகப் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுவதையும் என்னைத் திரும்ப எழுதவைத்தவர்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், சிடிக்களை எழுதி முடித்துவிட்டு, "பேக்கப் எடுத்தாச்சு சார்" என்றேன்.

"எடுத்தது தெரியுதும்மா. திரும்பி வருமா?"

"வரும் சார்."

"சரி" என்றவர் திருப்புளியை எடுத்தார். கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றி, தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்த வெற்று டிஸ்க்கை என் கையில் கொடுத்தார். அதே வகையில் எங்களிடம் இருந்த ஒரே உபரி டிஸ்க் அதுதான்.

"திருடன் தூக்கிட்டுப் போயிட்டான்னு வச்சுக்கங்க. திருடனுக்குப் பசிக்குது, இட்லி சாப்பிடப் போறான். மூணு மணி நேரத்துல வருவான். வரும்போது மிஷின் ஓடணும்."

உண்மையாகவே போய்விட்டார். டிஸ்க்கை மாட்டி, சிடிக்களை ஏற்றத் தொடங்கினேன். மூன்றாவது சிடியில் ஒரு கீறல் இருந்திருக்கிறது. அறுபது சதவீதத்தில் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து வந்தவர், நின்றுபோன திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பையிலிருந்த டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார். "எழுதுனதுக்குப் பேரு பேக்கப் இல்லம்மா. ஏத்திக் காட்டுனாத்தான் பேக்கப்."

அன்றிலிருந்து முறை இதுதான். சிடியில் தாள் ஒட்டக் கூடாது. நடுவளையத்தில் மட்டும் மார்க்கரால் எண் போட வேண்டும். ஒரு செட் எழுதியதும் அதைப் பார்த்து இன்னொரு செட் நகல் எடுக்க வேண்டும். முதல் செட் இயந்திர அறையில் இருக்கும்; நகல் பசுமலையில் அறக்கட்டளை நடத்தும் நர்சிங் பள்ளியின் அலமாரிக்குப் போகும். இங்கே தீப்பிடித்தாலும் அங்கே இருக்கும். பிறகு உபரி டிஸ்க்கை மாட்டி, ஐந்து சிடிக்களையும் ஏற்றி, இயந்திரத்தின் தொடக்கத் திரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்த பிறகுதான் பதிவேட்டில் 'சோதித்தது' என்ற கட்டத்தில் டிக். அதற்குப் பிறகுதான் முந்தைய செட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

பதினேழு வருடம் மாறவில்லை. பிறகு தங்கவேலு ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதே வருடம் ஜெயசீலன் நிர்வாக அதிகாரியாக வந்தார்.

ஜெயசீலனைப் பற்றி ஒரு வரியில் சொல்வதென்றால், காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தாள் நிறைந்திருக்க வேண்டும். வந்த மூன்றாவது மாதம் வரவேற்பறையில் காமிரா மாட்டினார். அந்தப் பதிவுப் பெட்டிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் தேவைப்பட்டது. என் அலமாரியைத் திறந்து உபரி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அவர் அறைக்குப் போனேன்.

"சும்மாதானே மேடம் கெடந்துச்சு."

"சும்மா இல்ல சார். அது இல்லாம பேக்கப்பைச் சோதிக்க முடியாது."

"பதினேழு வருஷமா சோதிச்சீங்க. ஒரு தடவையாச்சும் தேவைப்பட்டுச்சா?"

"அது..."

"தேவைப்படலைல்ல? வேற டிஸ்க் வாங்கித் தாரேன், எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். நான்கு முறை. நகல்கள் என்னிடம் இருக்கின்றன. டிஸ்க் வரவில்லை. அந்த வகை டிஸ்க்கைப் பழைய சாமான் விற்பவர்களிடம் தேடித்தான் வாங்க வேண்டும். ரசீது கிடைக்காது என்று நிராகரித்தார்கள்.

அடுத்த காலாண்டில் செட் எழுதினேன். 'சோதித்தது' கட்டத்தைக் காலியாக விட்டேன். தர ஆய்வுக்கு ஆட்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஜெயசீலன் என் அறைக்கே வந்தார்.

"மேடம், ஆய்வுக்கு வாராய்ங்க. இந்தக் கட்டம் காலியாக் கெடந்தா ஆஸ்பத்திரிக்கே கெட்ட பேரு. டிக் அடிச்சு விடுங்க. டிஸ்க் வந்ததும் சோதிச்சுக்கலாம்."

"சோதிக்காம எப்பிடி சார்?"

"எழுதுனது நீங்கதானே? ஒங்க வேலை மேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லயா?"

அந்தக் கேள்வி என் முதுகைத் தட்டிக்கொடுப்பது போல இருந்தது. டிக் போட்டேன். அதற்கடுத்த காலாண்டில் யாரும் வந்து கேட்கவில்லை, நானே போட்டேன். ஐந்தாவது முறை போட்டபோது பேனாவை எடுத்தது கூட நினைவில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். உபரி டிஸ்க் இல்லாமலே, சிடிக்களை மட்டும் படித்துச் சரிபார்க்க அந்த மென்பொருளில் ஒரு வழி இருந்தது. இரண்டு மணி நேரம் ஆகும். தங்கவேலு அதை அரைச் சோதனை என்பார். அந்த அரைச் சோதனையையும் நான் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் எனக்குப் பெரிதாக இருந்தது. கடைசியாகச் செட் எழுதிய ஞாயிறு, பொன்மேனியில் ஒரு வளைகாப்பு. நான்காவது சிடி முடிந்ததும் ஐந்தாவதைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சிடி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. திரையில் ஏதோ ஒரு வாசகம். படிக்கவில்லை, எண்டரை அழுத்தினேன். நகல் எடுத்தேன். டிக் போட்டேன். முந்தைய செட்டை வெட்டிப் போட்டேன். டைரியில் 'வளைகாப்பு. சாப்பாடு சுமார்' என்று எழுதியிருக்கிறேன்.

இது நடந்து பத்து வாரத்தில் ஆயுத பூஜை வந்தது.

இயந்திர அறையைக் கூட்டித் துடைப்பது முத்துமாரியின் வேலை. அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் வருவாள். பதினாறு வருடமாகத் தினக்கூலி ஆயா. வார்டில் ரத்தம், வாந்தி எதையும் முகம் சுளிக்காமல் துடைப்பவள். கேலி பேச ஆரம்பித்தால் டாக்டர்களையும் விடமாட்டாள். அவளை நிரந்தரம் செய்வதற்கான உத்தரவு அந்த மாதம்தான் டைப் ஆகி, ஜெயசீலனின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மருத்துவமனை முழுவதற்கும் தெரியும். "ஆர்டரு வரட்டும்க்கா, எல்லாருக்கும் முட்டை பிரியாணி" என்பாள். "கறி வேணும்னா சம்பளம் வரட்டும்."

பூஜை வழக்கம்போல நடந்தது. இயந்திரத்தை நிறுத்தி, துடைத்து, மாலை போட்டார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். அடுத்த நாள் விஜயதசமி. அதற்கடுத்தது ஞாயிறு. மூன்று இரவு இயந்திரம் அணைந்து கிடந்தது.

திங்கட்கிழமை காலை 8.10. சுவிட்சைப் போட்டேன். மேசைக்கடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மரப்பலகையை விரலால் சுண்டுவது போல, நின்று நின்று. ஹார்ட் டிஸ்க் சுழலவில்லை. நான்கு முறை முயன்றேன். வெளியே பத்து மணிக்கு வர வேண்டியவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய பட்டியலில் முப்பத்தெட்டு பேர். கரண்டு வைப்பதை நடுவில் விட்டால், அதுவரை வைத்ததன் பலன் குறைந்துகொண்டே போகும். தொண்டையில், கழுத்தில் கட்டி உள்ளவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

சென்னையிலிருந்து கம்பெனி ஆள் பழைய டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வர மூன்று நாளாகும் என்றார்கள். வரவேற்பறைக்குப் போய், யாரையும் கேட்காமல், காமிராப் பெட்டியைத் திறந்து என் உபரி டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பிறகு சிடிக்கள் இருந்த இழுப்பறையைத் திறந்தேன்.

ஐந்து சிடிக்களிலும் பளபளப்பான பக்கத்தில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். மூன்று நாளில் காய்ந்து வெடித்திருந்தது.

"முத்துமாரி!"

ஓடிவந்தாள். "என்னக்கா?"

"இது யாரு வச்சது?"

"நாந்தான்க்கா. இதுவும் மிஷினோட சாமானுதானே? எல்லாத்துக்கும் வச்சுட்டு இத மட்டும் விட்டா நல்லாருக்குமா?"

"இந்தப் பக்கத்துல வைக்கலாமா?"

"பளபளன்னு இருக்கறதுதானக்கா மொகம்? முதுகுலயா பொட்டு வைப்பாக?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "ஏதும் தப்பாப் போச்சாக்கா?"

குழாயடியில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவினேன். மெல்லிய துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறும். 9.25க்கு முதல் சிடியைப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஒன்றுகூடத் தயங்கவில்லை. சந்தனம் எதையும் கெடுக்கவில்லை. 11.50க்கு ஐந்தாவதைப் போட்டேன். நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். நாற்பத்தொன்று. மூன்று முறையும் நாற்பத்தொன்று.

பழங்காநத்தம் வழியாக ஸ்கூட்டரில் பசுமலைக்குப் போய், நர்சிங் பள்ளி அலமாரியிலிருந்த நகல் செட்டை எடுத்துவந்தேன். அந்தச் செட்டுக்குப் பொட்டு வைக்க யாரும் இல்லை. பெட்டியின் முத்திரைத் தாள் கிழியாமல் இருந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன். மாலை 4.35. நாற்பத்தொரு சதவீதம்.

இரண்டு ஐந்தாவது சிடிக்களையும் குழல் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். பதிந்த பகுதி சற்றுக் கருத்து, பதியாத பகுதி வெளிறித் தெரியும். எங்கள் ஐந்தாவது சிடி எப்போதும் ஓரத்துக்கு ஒரு விரற்கடை மிச்சம் வரை கருத்திருக்கும். இவை இரண்டிலும் பாதி கூட இல்லை. ஹார்ட் டிஸ்க் பத்து வாரம் முன்பே சாகத் தொடங்கியிருக்கிறது. அதைப் படிக்க முடியாமல் மென்பொருள் பாதியில் நிறுத்தியிருக்கிறது. நான் படிக்காமல் எண்டரை அழுத்திய வாசகம் அதைத்தான் சொல்லியிருக்கும். சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். புது டிஸ்க்குக்கு மாற்றப் பத்து வாரம் இருந்தது. கையில் பழைய நல்ல செட்டும் இருந்தது. அதை வெட்டிப் போட்டது இந்தக் கைதான்.

நான் சிடிக்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது ஜெயசீலன் உள்ளே வந்தார். பெட்டியில் ஒட்டியிருந்த சந்தனப் பொடியைப் பார்த்தார்.

"கேள்விப்பட்டேன் மேடம். அந்த ஆயா சிடியில சந்தனத்தத் தடவி வச்சிருக்காமே. படிக்காததுகள உள்ள விட்டா இப்பிடித்தான். நீங்க கவலப்படாதீங்க. ஒங்க பதிவேடு சுத்தமா இருக்கு, பாத்துட்டேன்."

நான் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. அன்றைய டைரியில் 'ஐந்தாவது சிடி, இரண்டு செட்டிலும் 41' என்று மட்டும் இருக்கிறது. என் டைரியில் நான் எழுதிய மிகக் கோழைத்தனமான வரி அதுதான்.

செவ்வாய்க்கிழமை முத்துமாரியைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. செய்தி காத்திருப்போர் கூடத்துக்கு எப்படிப் போனதோ தெரியாது, போய்விட்டது. புதன்கிழமை காலை அவள் துணிமூட்டையோடு அந்த வழியாக வந்தபோது, ஒரு நோயாளியின் மனைவி எழுந்து மறித்தாள். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன்.

"நீதானா அது? எம் புருசனுக்குக் கழுத்துல கட்டி. இருவத்தியொரு கரண்டு வச்சாச்சு, பன்னெண்டு பாக்கி. நடுவுல விடவே கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. பொட்டு வைக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலயா?"

முத்துமாரிக்கா வாய் இல்லை? அவள் வாய்க்கு வார்டே பயப்படும். அன்று மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாமச் செஞ்சுட்டேன்த்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை கம்பெனி ஆள் வந்து வேலையைத் தொடங்கினார். அடிப்படையிலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். இயற்பியலாளர் எல்லா அளவுகளையும் மறுபடி அளக்க வேண்டும். மதியம் 2.15க்கு ஜெயசீலன் இரண்டு பக்க அறிக்கை அனுப்பினார். 'துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவால் காப்புச் சிடிக்கள் சேதமடைந்தன' என்று இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம். கட்டம் காலியாக இருந்தது.

அன்று மாலை பஸ்ஸுக்குப் போகும் முன் முத்துமாரி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு ஆர்டரு வருது, வராமப் போகுது. அது கெடக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் வச்ச பொட்டாலயா இம்புட்டுப் பேரு கரண்டு இல்லாமக் கெடக்காங்க? அந்தாளுக்கு ஏதும் ஆச்சுன்னா அது எம் பாவமா?"

"நாளைக்குப் பெரிய டாக்டர் விசாரிப்பாங்க" என்றேன்.

"ஒங்களத்தான்க்கா கேட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு விசாரணை. பெரிய டாக்டர் அம்மா, ஜெயசீலன், நான், சுவரோரம் முத்துமாரி. ஜெயசீலன் அறிக்கையைப் படித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். நான் இரண்டு ஐந்தாவது சிடிக்களையும் மேசையில் வைத்தேன்.

"டாக்டர், இது இங்க இருந்தது. இதுக்குத்தான் சந்தனம் வச்சாங்க. இது பசுமலையில இருந்தது. இத யாரும் தொடல. ரெண்டும் ஒரே எடத்துல நிக்குது. ரெண்டுமே பத்து வாரத்துக்கு முன்னாடி நான் எழுதும்போதே பாதிதான் பதிஞ்சிருக்கு. சந்தனம் வச்ச மத்த நாலும் நல்லாப் படிக்குது."

டாக்டர் இரண்டையும் விளக்குக்குக் காட்டிப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்தார். "சோதிச்சதா டிக் இருக்கே?"

"நான் போட்டது."

"சோதிச்சீங்களா?"

"இல்ல டாக்டர். அஞ்சு தடவையா சோதிக்கல."

"என்ன மேடம் இது!" ஜெயசீலன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். அந்த முகத்தில் இருந்த அதிர்ச்சியை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. "சோதிக்காம ஏன் டிக் போட்டீங்க?"

"நீங்க போடச் சொன்னீங்க சார். ஆய்வுக்கு ரெண்டு நாள் முன்னாடி, என் ரூம்ல."

"நானா? டாக்டர், நான் ஏன் அப்பிடிச் சொல்லப் போறேன்?"

"என் டைரியில இருக்கு. நேரம் போட்டு எழுதியிருக்கேன். டிஸ்க் கேட்டு எழுதுன நாலு கடிதமும் இருக்கு."

டாக்டர் கடிதங்களை வாங்கிக்கொண்டார். டைரியைத் தொடவில்லை. "டைரி நீங்க எழுதுனது. இந்தப் பதிவேடும் நீங்க எழுதுனதுதானேம்மா" என்றார்.

இருபது வருடம் நிமிடம் தவறாமல் எழுதியவள். என் எழுத்துக்கு அந்த அறையில் காலணா மதிப்பில்லை. அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அறிக்கையை மாற்றி எழுதினார்கள். 'தொழில்நுட்பக் காரணம்' என்றார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வந்தது. ஜெயசீலனுக்கு ஒன்றும் வரவில்லை. இப்போது மூன்று மருத்துவமனைகளுக்கு அவர்தான் நிர்வாகம். இந்த மலர்க் குழுவுக்குத் தலைவரும் அவர்தானாம். படிக்கட்டும். எட்டாவது நாள் இயந்திரம் ஓடியது. விட்ட நாட்களை ஈடுகட்ட, சிலருக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறை வைத்தார்கள். கழுத்தில் கட்டி இருந்தவர் பன்னிரண்டையும் முடித்துக்கொண்டு போனார். பிறகு என்ன ஆனார் என்று தெரியாது. விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும், நடைவழியில் முத்துமாரி என்னை நிறுத்தினாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதிர்பார்த்ததையும் எழுதிவிடுகிறேன்.

"எப்பக்கா தெரியும் ஒங்களுக்கு?"

"திங்கக்கெழம சாயங்காலம்."

விரலை மடக்கினாள். "செவ்வா. பொதன். வியாழன்." மூன்று விரலையும் எனக்குக் காட்டினாள். பிறகு துணி வெளுக்கும் பகுதிக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து அவளுக்கு உத்தரவு வந்தது. எல்லாருக்கும் பிரியாணி கொடுத்தாள். எனக்கும் ஒரு பொட்டலம், வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினாள். அடுத்த நாள் காலை பழையபடி எங்கள் பிரிவுக்கு வந்தாள். என் அறையைக் கூட்டித் துடைத்தாள். முடித்ததும் இடுப்பிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். கோணல்மாணலான எழுத்தில், 'மேசை, சன்னல், தரை துடைத்தேன். வேறு சாமான் தொடவில்லை' என்று இருந்தது.

"என்ன முத்துமாரி இது?"

"ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா."

பேனாவைத் திறந்தேன். அவள் நோட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"எந்திரிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. பாக்காமப் போடுற ஆளாச்சே நீங்க."

எழுந்தேன். மேசையைப் பார்த்தேன். சன்னல் கம்பிகளுக்கு இடையே விரலை விட்டுப் பார்த்தேன். குனிந்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் தரையைப் பார்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

நான் ஓய்வு பெறும்வரை, இரண்டு வருடம், ஒரு வேலை நாள் விடாமல் அவள் அந்த நோட்டை நீட்டினாள். ஒரு நாள்கூட என்னை உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட விடவில்லை.